செட்டிநாட்டுப் பழைய வீட்டுல 3 ராத்திரி: கைத்தடி வச்சு நடக்கிற பாட்டியோட போகலாமா?

அல்சூர்_வாசி:
பெங்களூருல இருந்து 8 பேர் கிளம்புறோம். பெரியவங்க 5, பசங்க 2, 78 வயசுல பாட்டி. ஜனவரியில 3 ராத்திரி. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி பக்கம் பழைய நகரத்தார் வீட்டை விடுதியா மாத்தினதுல தங்கலாம்னு யோசனை. பாட்டியால மாடி ஏற முடியாது, கீழ உக்கார்ற கழிப்பறை ஆகவே ஆகாது. வெப்சைட்ல பார்த்தா எல்லா வீடும் தூணும் முற்றமுமா ஒண்ணு போலவே இருக்கு. போன்ல என்னென்ன கேக்கணும்? டெம்போ டிராவலர் எடுக்கிறதா, ரயிலா?

வளவு_பத்தி:
படத்துல காட்டுறது பூரா முகப்பும் (முன்வாசல் பகுதி) வளவும்தான் (நடு முற்றத்தைச் சுத்தின கட்டு). நீங்க படுக்கப்போற இடம் அது இல்லையே! வளவைச் சுத்தி இருக்கிற அறைகளைக் கட்டினப்போ இன்னைக்கு நாம நினைக்கிற படுக்கையறையாக் கட்டலை. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு, அதுல சீர் சாமான், பாத்திரம், பெட்டி எல்லாம் வைக்கிறதுதான் முக்கிய வேலை. பகல் நேரமெல்லாம் பத்தியிலயும் (முற்றத்தைச் சுத்தின தாழ்வாரம்) திண்ணையிலயும் போயிடும். அதனால அறை சின்னது, ஜன்னல் கம்மி, கதவு குட்டை, நிலைப்படி உயரம். நல்லாப் புதுப்பிச்ச வீட்டுல ரெண்டு அறையை ஒண்ணாக்கி இருப்பாங்க. ஆனா நிலைப்படி பெரும்பாலும் பழசுதான், பர்மா தேக்கை யாரும் அறுக்க மாட்டாங்க.

உங்களுக்கு முக்கியமானது குளியலறை. அந்தக் காலத்துல அது பின்கட்டுக்கும் அப்பால். இப்போ அறைக்குள்ளயே கொண்டு வரும்போது பழைய தரையை உடைக்க மனசு வராது. கழிவுக் குழாயைத் தரை மேலயே ஓட்டி, வாட்டம் வர்றதுக்காகப் பாத்ரூம் தரையை அரை அடி, முக்கால் அடி தூக்கிடுவாங்க. பல வீட்டுல அறையை விடப் பாத்ரூம் ஒரு படி, ரெண்டு படி மேல இருக்கிறது இதனாலதான். பிடிச்சுக்கக் கம்பியும் இருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டி எழுந்தா தடுக்குற இடம் சரியா அதுதான்.

"தரைத்தளம் இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. அப்படிக் கேக்காதீங்க. தெருவுல ஆரம்பிச்சு, திண்ணை ஏறி, அறைக்குள்ள போய், கமோடு வரைக்கும் நடந்துகிட்டே ஒரே வீடியோவா எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. நடுவுல வெட்டக் கூடாது. அதைப் பார்த்து மொத்தம் எத்தனை படி, எதுக்குக் கைப்பிடி இல்லைன்னு எண்ணிடலாம். இந்த வீடுகள் நிறைய ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முன்வாசல் படி அதிகமா இருந்தா, பின்வாசல் வழியா வண்டியை விடலாமான்னும் கேளுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். முற்றம் பத்தியை விடத் தாழ்வா இருக்கும். ராத்திரி விளக்கை அணைச்சா விளிம்பு தெரியாது, பசங்க ஓடுற வீட்டுல இது தொந்தரவு. பத்தி விளக்கு ராத்திரி பூரா எரியுமான்னு கேட்டுக்கோங்க. அடுத்தது ஆத்தங்குடிக் கல். காஞ்சிருந்தா காலுக்கு அவ்வளவு சுகம், ஈரம் பட்டா வழுக்கும். கைத்தடி அடியில இருக்கிற ரப்பர் தேஞ்சிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. காலையில தரையைத் துடைச்ச பிறகு அரை மணி நேரம் பாட்டி கட்டில்லயே காப்பி குடிக்கட்டும். (பசங்க எலுமிச்சை ஜூஸைக் கொட்டினா உடனே துடைங்க. அது சிமென்ட் கல், புளிப்பு பட்டா பளபளப்பு போயிடும்.)

ஒசூர்_ரோடு:
வண்டிக் கணக்கைப் பார்ப்போம். பெங்களூரு – சேலம் – நாமக்கல் – திருச்சி – காரைக்குடி, ஒரு வழி சுமார் 430 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு நிறுத்தி, பாட்டிக்காக ரெண்டு மணிக்கு ஒருதரம் இறங்கினா 10 மணி நேரம் வச்சுக்கோங்க. போக வர 860, உள்ளூர் சுத்தல் 140ன்னா ஆயிரம். ஆனா டெம்போ டிராவலர்காரங்க நாளுக்குக் குறைந்தபட்சம் 250, 300ன்னு போடுவாங்க. 300ன்னா 4 நாளுக்கு 1,200க்குக் காசு, நடு ரெண்டு நாள் வண்டி சும்மா நின்னாலும் சரி. டோல், டிரைவர் பேட்டா, தமிழ்நாட்டு பெர்மிட் வரி இதெல்லாம் சேர்த்தியான்னு மெசேஜ்ல எழுதி வாங்கிடுங்க, போன்ல பேசினது கர்நாடக எல்லையில அத்திப்பள்ளி தாண்டினதும் மறந்துடும். டிரைவர் படுக்க விடுதியில இடம் இருக்கான்னும் கேளுங்க. சின்ன விடுதிகள்ல பெரும்பாலும் இருக்காது, ஆளு வண்டிக்குள்ளயே படுத்துட்டு மறுநாள் தூக்கக் கலக்கத்துல ஓட்டுவார். திரும்பி வர்றப்போ அது பெரிய ஆபத்து.

எனக்குக் கேட்டா ரயில்தான். மயிலாடுதுறை பக்கம் போற ராத்திரி வண்டியில ஏறினா விடியறதுக்குள்ள திருச்சி. அங்கிருந்து 90 கிலோமீட்டர், உள்ளூர் டாக்சி ரெண்டு பிடிச்சா போதும். ஒரு நுணுக்கம்: 8 பேரையும் ஒரே டிக்கெட்ல போட்டா சீனியர் லோயர் பெர்த் கோட்டா (வயசானவங்களுக்குன்னு ஒதுக்குற கீழ்ப்படுக்கை) கிடைக்காது, ஒரு டிக்கெட்ல ரெண்டு பேருக்கு மேல அது செல்லாது. பாட்டியையும் 45 வயசு தாண்டின ஒரு பெண்மணியையும் தனி டிக்கெட்டாப் போடுங்க. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், பொங்கல் பக்கம்னா அன்னைக்குக் காலையிலயே உக்காரணும்.

மார்கழி_பனி:
ஜனவரின்னா எந்த ஜனவரி? முதல் பாதி மார்கழி. விடியக்காலம் நாலரை, அஞ்சுக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பிச்சிடும், கிராமத்துல அந்தச் சத்தத்தைத் தடுக்க எதுவும் இல்லை. பாட்டிக்குச் சந்தோஷமா இருக்கலாம், அமைதி தேடி வர்ற உங்களுக்கு எப்படியோ. பொங்கல் கழிஞ்சா தை, கல்யாண முகூர்த்தம். வெளியூர், வெளிநாட்டுல இருக்கிற பங்காளிகள் எல்லாம் பூர்வீக வீட்டுக்கே வந்து விசேஷம் வைப்பாங்க. பக்கத்து வீட்டுல கல்யாணம்னா தெருவை அடைச்சுப் பந்தல், ராத்திரி பூரா சமையல் பாத்திரச் சத்தம். விடுதியே பல பங்காளிக்குச் சொந்தமா இருந்தா, குடும்ப விசேஷத்துக்காக உங்க புக்கிங்கையே தள்ளச் சொல்லலாம். "அந்த 3 நாள் வீட்டுலயோ தெருவுலயோ விசேஷம் உண்டா, வந்தா முழுப் பணமும் திரும்புமா?"ன்னு நேரா கேட்டுடுங்க. முகூர்த்தம் இல்லாத வார நாள், ஜனவரி கடைசின்னா உத்தமம்.

வளவுல பேசினா எதிர் அறைக்குக் கேக்கும். பசங்க இருக்கிறதால மூலை அறையாக் கேளுங்க.

அல்சூர்_வாசி:
ரொம்ப நன்றி. வீடியோ இன்னைக்கே கேக்குறேன். ஒண்ணு விட்டுப்போச்சு, கூட வர்ற மாமா அமெரிக்க பாஸ்போர்ட், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்றது) இருக்கு. அதுக்கு ஏதாவது உண்டா? பில்லுல வரி எவ்வளவு வரும்?

வளவு_பத்தி:
உண்டு. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கிறவர் தங்கினா விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள்ள அவர் தங்குற விவரத்தை (முன்னாடி ஃபார்ம் சின்னு பேர்) அரசுக்கு ஆன்லைன்ல ஏத்தணும், ஓசிஐ இருந்தாலும் சேர்த்துதான். சில சின்ன ஹோம்ஸ்டேக்கள் அதுக்குப் பதிவே பண்ணியிருக்க மாட்டாங்க. மாமா வாசல்ல நிக்கும்போது "சார், ஃபாரினர் முடியாதே"ன்னு கையைப் பிசைவாங்க. புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, பாஸ்போர்ட், ஓசிஐ ரெண்டோட நகலும் கையில இருக்கட்டும்.

வரி: 2025 செப்டம்பர் 22லேர்ந்து அறை வாடகை நாளுக்கு 7,500 வரைக்கும் 5%, அதைத் தாண்டினா 18%. 7,800 ரூபாய் அறை வரியோட 9,204 ஆகும், 7,400 ரூபாய் அறை 7,770தான். 400 ரூபாய் பேசிக் குறைச்சா ராத்திரிக்கு 1,434 மிச்சம். விலை பேசும்போது இந்த எல்லைக்கோட்டைச் சொல்லியே பேசுங்க, அவங்களுக்கும் தெரியும்.

சாப்பாடு பத்தி யாரும் சொல்லலை. ஆள் எண்ணிக்கை பார்த்துதான் காலையில சந்தைக்குப் போவாங்க, நினைச்ச நேரத்துக்கு ஆர்டர் எடுக்க மாட்டாங்க. பாட்டி சைவம்னா சட்டி, கரண்டி தனியான்னு கேளுங்க. கவுனி அரிசி வேணும்னா ராத்திரியே ஊறப்போடணும், வெள்ளைப் பணியாரத்துக்கும் ஊறவச்சு ஆட்டணும், அதனால முதல் நாள் சாயங்காலமே சமையல்கார அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க. ரிசப்ஷன்ல சொன்னா அடுப்படிக்குப் போய்ச் சேராது.