உச்சி வெயிலில் தெருப்படம்: முகமும் வேண்டும், வெள்ளைச் சட்டையும் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதுரை மாசி வீதிகளில் ஆட்கள் கவனிக்காத நேரத்தில் படம் எடுப்பவன். காலை, மாலை வெளிச்சத்தில் தொந்தரவில்லை. ஆனால் மூட்டை இறக்குவதும் பேரம் பேசுவதும் சூடு பிடிப்பதே பதினொரு மணிக்கு மேல்தான்.

வெயில் நேர் மேலே. தலையில் சுமை, முகம் அதன் நிழலில், தோளில் வெள்ளைச் சட்டை பளீர் என்று. முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து எடுத்தால் சட்டை வெளுத்து மடிப்பே தெரிவதில்லை. சட்டைக்கு அளந்தால் முகம் கரிக்கட்டை.

இப்போது எல்லாவற்றையும் கையால் அமைக்கும் மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/800 நொடி வைத்துக்கொள்கிறேன். வெயிலுக்கு இது போதும். அதே ஆள் கடைப் பந்தலுக்குள் நுழைந்தால் வெளிச்சம் மூன்று ஸ்டாப்பாவது (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாகும்) இறங்குகிறது. டயலைத் திருப்புவதற்குள் அவர் போய்விடுகிறார். ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால், பின்னால் வெள்ளைச் சுவர் வந்ததும் மொத்தப் படமும் இருண்டுவிடுகிறது. ரா கோப்பில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) நிழலைப் பின்னால் வெளிச்சமாக்கலாம்தான், என் பழைய கேமராவில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான கறை) கொட்டுகிறது. ஃபிளாஷ் வேண்டாம், ஒரு தடவை மின்னினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஹைலைட்டை (படத்தின் மிகப் பளிச்சென்ற பகுதியை) மட்டும் காக்கும் மீட்டரிங் (ஒளி அளக்கும்) முறையை யாராவது தெருவில் பயன்படுத்துகிறீர்களா? முகத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? இல்லை, நிழல் ஓரத்தில் நின்று, எதிர்ச்சுவரின் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்துக்காகக் காத்திருப்பதுதான் வழியா? "நிழலுருவமாக எடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு முகங்கள்தான் வேண்டும். செட்டிங்கோடு படமும் போட்டால் பெரிய உதவி.