புதுப்பிப்பு: பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பைக் கைமாற்றும் முன்

விண்டோஸைப் புதிதுபோல் மாற்றும் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்தாலே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். பாதிதான் சரி. ஹார்ட் டிஸ்க்கில் அப்படி அழித்த கோப்புகளை ரெக்கவரி மென்பொருள் வைத்துத் தோண்டி எடுத்துவிடலாம். அடுத்து வரும் திரைகளில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' தட்டி, பழைய கோப்புகளின் மேல் எழுதி அழிக்கும் 'க்ளீன் டேட்டா'வை 'யெஸ்' ஆக்குங்கள். அது தானாக ஆன் ஆகியிருக்காது.

500 ஜிபி டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். சார்ஜர் செருகியே இருக்கட்டும், பழைய பேட்டரியை நம்பவே வேண்டாம். நடுவில் அணைந்தால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். அப்புறம் 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலர் போட்டு, எல்லாப் பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் பிரிவுகள்) அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதுதான். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன மெஷின் என்றால் கீ (விண்டோஸ் உரிமக் குறியீடு) கேட்கும் இடத்தைத் தாண்டிவிடலாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது.

சுழலும் டிஸ்க் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. மேலெழுதினாலும் சில செல்கள் (தரவு பதியும் சிறு அறைகள்) தப்பிவிடும். லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் பயாஸில் 'செக்யூர் இரேஸ்' (எஸ்எஸ்டியே தன்னை முழுதாக அழிக்கும் வசதி) இருந்தால் அதுவே மேல்.

முன்பு விட்டுப்போனவை: பயாஸ் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் நீக்குங்கள். கடைசியில் ரீசெட்டோ புது நிறுவலோ முடிந்து, நாடு கேட்கும் திரை வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மீதி வாங்குபவர் வேலை.