கிரெடிட் கார்டு கட்டலைனா ஜெயிலா? சனிக்கிழமைக்குள்ள ரெண்டு செக் கேக்கிறாங்க

கொருக்குப்பேட்டை தையல்காரி:
வீட்டு முன்ரூம்ல மூணு மெஷின் போட்டு எம்.சி. ரோடு கடைங்களுக்கு நைட்டி தைச்சுக் குடுக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. மூணு மோட்டாரும் போச்சு. மடிச்சு வெச்சிருந்த சரக்கு கறுப்புத் தண்ணியில ஊறிடுச்சு. புது மோட்டார், ஓவர்லாக், துணி எல்லாம் சேர்த்து கார்டுல 82,000 போட்டேன்.

ஏழு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். அப்புறம் அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில ஒன்றரை மாசம் படுத்திருந்தாங்க, மெஷின் ஓடல. கடைசியா கட்டி 14 மாசம் ஆச்சு. மாசம் மூணரை சதவீத வட்டி, லேட் ஃபீஸ், ஜிஎஸ்டின்னு ஏறி இப்ப 1,63,400 நிக்குது.

போன வாரம் பேங்க் வசூல் ஏஜென்ட் ரெண்டு பேர் வந்தாங்க. நான் சரக்கு குடுக்கப் போயிருந்தேன். குழாயடியில தண்ணி பிடிச்சிட்டிருந்தவங்க எதிர்லயே என் பேரைச் சொல்லி "பேங்கை ஏமாத்தினவ வீடு எது"ன்னு கேட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடல. அடுத்த நாள் வாட்ஸ்அப்ல "அரெஸ்ட் வாரண்ட்"னு ஒரு பேப்பர், மேல வக்கீல் பேர், கீழ சிவப்பு சீல். தேதி போடாம ரெண்டு செக் குடுத்தா நிறுத்தி வைக்கிறாங்களாம். குடுத்துடலாமா? மெஷினைத் தூக்கிட்டுப் போவாங்களா? ஹவுசிங் போர்டு வீடு அம்மா பேர்ல இருக்கு, அதுக்கு வம்பு வருமா? கடனைக் கட்டக்கூடாதுன்னு எனக்கு எண்ணமே இல்ல. மாசம் 4,000 முடியும்.

திருவொற்றியூர் பெரியவர்:
செக் மட்டும் குடுத்துடாதீங்கம்மா. சிவில் கோர்ட்ல 26 வருஷம் எழுத்தரா இருந்தவன் சொல்றேன்.

கார்டு கடன் சிவில் விவகாரம். கட்ட முடியலங்கிறதுக்காக போலீஸ் பிடிக்காது. வாரண்ட் போடுறது கோர்ட்டு, வக்கீல் இல்ல. அது வாட்ஸ்அப்ல வராது. பேங்க் கேஸ் போட்டு டிகிரி, அதாவது பணம் கட்டணும்னு கோர்ட் தீர்ப்பு, வாங்கினாக்கூட, அந்தப் பணத்துக்காக ஒரு பெண்ணை அரெஸ்ட் பண்ணி சிவில் சிறையில வைக்க சிவில் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவு இடமே குடுக்கல. ஆம்பளைன்னாலும், நிஜமாவே கையில இல்லாதவனை உள்ள தள்ளக்கூடாதுன்னு 1980-லயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

செக் குடுத்தா இந்தப் பாதுகாப்பெல்லாம் போயிடும். அவங்களே தொகையும் தேதியும் எழுதிப் போடுவாங்க. திரும்பி வந்தா நோட்டீஸ் விடுவாங்க, 15 நாள்ல கட்டலைனா செக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவுல கிரிமினல் கேஸ். 2 வருஷம் வரைக்கும் ஜெயில், செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம். ஆட்டோ டெபிட்டுக்கு கையெழுத்து கேட்டாலும் போடாதீங்க, 2007-ல வந்த சட்டத்துல அதுக்கும் இதே தண்டனை.

மெஷினை ஏஜென்ட் தொடவே முடியாது. டிகிரி ஆனாலும் கைத்தொழில் கருவி, சமையல் பாத்திரம், உடுத்துற துணி, படுக்கை எதையும் ஜப்தி பண்ணக்கூடாதுன்னு சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு சொல்லுது. வியாசர்பாடியில செருப்புத் தைக்கிற ஒருத்தர் வீட்டுக்கு, ஜப்தி பண்ண வர்ற கோர்ட் ஊழியர் அமீனா கூடப் போயிருக்கேன். டிவியை எழுதினார், பீரோவை எழுதினார். தோல் வெட்டுற கத்தியும் இரும்புக் கட்டையும் வாசல்லயே கிடந்துது, அதைத் தாண்டிப் போனார். அம்மா ஜாமீன் கையெழுத்துப் போடலைனா வீட்டுக்கும் ஒண்ணும் வராது.

ஆனா வழக்கு எண்ணோட, கோர்ட் முத்திரையோட சம்மன் வந்தா வாங்கிக்கோங்க, கட்டாயம் போங்க. போகலைனா எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்க இல்லாமலே தீர்ப்பு, ஆயிடும், அவங்க போட்ட கணக்கே நின்னுடும். ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியில நடுவர் விசாரிக்கிறது) நோட்டீஸ் வந்தாலும் எழுத்துல பதில் குடுங்க.

எண்ணூர் டிரெய்லர்:
நானும் இதுல மாட்டினவன்தான் அக்கா. 2,10,000 இருந்தது, லோக் அதாலத்துல (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) 95,000-க்கு முடிஞ்சது, மூணு தவணை. அதுக்கு முன்னாடி ஒரு தப்புப் பண்ணேன். ஏஜென்ட் கையில 10,000 குடுத்தேன், ரசீது வாங்கல. அது கணக்குலயே ஏறல. பேங்க் லெட்டர்ஹெட்ல செட்டில்மென்ட் கடிதம் வராம ஒரு ரூபா குடுக்காதீங்க, குடுத்தாலும் நேரா கார்டு கணக்குல கட்டுங்க. சிபில்ல, அதாவது நம்ம கடன் வரலாற்றுப் பதிவுல, குறைச்சுக் கட்டினதா "செட்டில்ட்"னு விழும், அதையும் சொல்லிடறேன். எனக்கு வண்டி லோன் அதனாலயே கிடைக்கல.

குழாயடியில பேசினாங்களே, அதை விடாதீங்க. காலைல 8-க்கு முன்னாடியும் சாயந்திரம் 7-க்கு மேலயும் கூப்பிடக்கூடாது, நாலு பேர் எதிர்ல அவமானப்படுத்தக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. தேதி, நேரம், பார்த்தவங்க யாருன்னு எழுதி பேங்குக்கு மெயில் போடுங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைனா பேங்க் மேல புகார் விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கிடையாது.

கொருக்குப்பேட்டை தையல்காரி:
ரெண்டு செக்கும் கையெழுத்துப் போட்டு டிஃபன் டப்பாவுக்கு அடியில வெச்சிருந்தேன் ஐயா. இப்பதான் கிழிச்சேன். பக்கத்து வீட்டு அண்ணன் மூணு வருஷம் சும்மா இரு, கடன் செத்துடும்ங்கிறார். நிஜமா?

திருவொற்றியூர் பெரியவர்:
கேஸ் போட 3 வருஷக் கெடு இருக்கிறது நிஜம்தான். அதுக்குள்ள கடனை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா கெடு முதல்லேருந்து ஓடும். ஆனா அதை நம்பி உக்காராதீங்கம்மா. கெடு முடியறதுக்கு முன்னாடி அவங்க கேஸ் போட்டா என்ன பண்ணுவீங்க? வட்டியும் நிக்காது. நீங்க கட்டணும்னு நினைக்கிறவங்க, அந்த 4,000 கணக்கை சட்ட உதவி வக்கீல் மூலமா எழுதிக் குடுங்க.

தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா ஹைகோர்ட் ஸ்டேஷன்லயே இறங்கலாம். வளாகத்துல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பெண்களுக்கு வருமானம் பார்க்காம வக்கீல் குடுப்பாங்க. போன்ல கேக்கணும்னா 15100. ஆதார், கடைசி ஆறு மாச ஸ்டேட்மென்ட், அந்த வாட்ஸ்அப் பேப்பரோட பிரிண்ட் கையில இருக்கட்டும். சனிக்கிழமைக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க.