பூட்டிய வீட்டில் திருட்டு. வீட்டு இன்சூரன்ஸ் இருந்தும் பணம் இல்லை என்கிறார்கள், உதவி தேவை

காந்திநகர்வாசி (ஜனவரி 18, இரவு 9.50)

அனைவருக்கும் வணக்கம். போகிக்கு முதல் நாளே குடும்பத்தோடு தஞ்சாவூரில் உள்ள மாமியார் வீட்டுக்குச் சென்றுவிட்டு, இன்று மதியம்தான் காட்பாடி காந்தி நகரில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பின்கதவு திறந்து கிடந்தது. பீரோவில் இருந்த ஏழு சவரன் நகை, மகளின் லேப்டாப், பூஜை அறையில் இருந்த இரண்டு வெள்ளிக் குத்துவிளக்குகள் எல்லாம் போய்விட்டன. எனக்கு வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஐந்து ஆண்டுகளாக இருக்கிறது. உதவி எண்ணை அழைத்தபோது, திருட்டுக்கு இந்தப் பாலிசியில் இழப்பீடு கிடையாது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். வீட்டு இன்சூரன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுத் திருட்டுக்குத் தர மாட்டோம் என்றால் என்ன நியாயம்? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், வீட்டில் யாரும் இன்னும் சாப்பிடவில்லை.

சத்துவாச்சாரி செல்வி (இரவு 10.05)

படிக்கவே மனம் பதறுகிறது, அண்ணா. முதலில் எல்லோரும் ஒரு வாய் சாப்பிடுங்கள். நீங்கள் எழுதியதில் முக்கியமான நான்கு செய்திகள் இல்லை. பாலிசியை நீங்களாக எடுத்தீர்களா, வங்கி எடுத்துக் கொடுத்ததா? அதன் முதல் பக்கத்தில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது? கதவை உடைத்து வந்தார்களா, திறந்து வந்தார்களா? காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்றா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

பாலாற்றங்கரை (இரவு 10.20)

இது வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எனக்கு நேர்ந்ததும் இதுதான். விரிஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கடன் வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்த நான், காகிதத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அது கட்டடத்துக்கு மட்டும் என்பதைத் தெரிந்துகொண்டேன். விழுந்த மதில் சுவருக்கும் பெயர்ந்த தரைக்கும் பணம் வந்தது, நனைந்த குளிர்சாதனப் பெட்டிக்கும் மெத்தைகளுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. என் அண்டை வீட்டுக்காரர் நிலை இன்னும் மோசம். அவர் வீட்டுக் காப்பீடு என்று நினைத்துக் கட்டிவந்தது, அவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது ஆகியவற்றால் வரும் சேதம் அதில் அடங்கும். தனியாக நடக்கும் திருட்டு அதில் இல்லை. வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக ஏழு நாள்களுக்குள் வீட்டில் திருடு போனால் மட்டுமே கொடுப்பார்கள். உங்கள் பாலிசி அதுவாக இருந்தால், உதவி எண்ணில் சொன்னது கசப்பாக இருந்தாலும் பொய்யில்லை.

வேலப்பாடி வாசகன் (இரவு 10.41)

மின்விளக்கை எரியவிட்டுப் போனீர்களா? நான் உறுதியாகச் சொல்கிறேன், பகலிலும் எரியும் வாசல் விளக்குதான் பூட்டிய வீட்டைக் காட்டிக் கொடுக்கிறது. எங்கள் தெருவில் கேமரா வைத்த பிறகு ஒரு திருட்டும் நடக்கவில்லை. எல்லோரும் கேமரா வைத்துவிட்டால் இன்சூரன்ஸே தேவைப்படாது.

பழைய சர்வேயர் (இரவு 11.02)

இந்தக் குழுவில் ஆண்டுதோறும் தீபாவளி முடிந்ததும் ஒருமுறை, பொங்கல் முடிந்ததும் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. நானும் ஒவ்வொரு முறையும் பதில் எழுதுகிறேன், ஆனால் பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பாலிசி என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நியாயம் கேட்பது தவறு. இழப்பை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயராக இருபத்தாறு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

திருட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. வீட்டுக்காரர் தொகுப்புப் பாலிசி என்று விற்கப்படுபவற்றில் அது ஒரு பிரிவாக வரும், சில இடங்களில் தனிப் பாலிசியாகவும் கிடைக்கும். அந்தப் பிரிவிலும், பலத்தைப் பயன்படுத்தி உடைத்து உள்ளே வந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. திறந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனது இந்தச் சொல்லுக்குள் வராது என்று நிறுவனம் வாதாடும். 2004-இல் உச்ச நீதிமன்றமும், பாலிசி பலவந்தமான நுழைவைக் கேட்டிருக்கும்போது அந்தச் சொல்லை நீதிமன்றம் மாற்றிப் படிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே கதவைப் பற்றிச் சொல்லுங்கள். மற்றவை பிறகு.

காந்திநகர்வாசி (இரவு 11.30)

பாலிசியை வங்கிதான் கொடுத்தது, கடனோடு வந்தது. பின்கதவை நெம்பித் திறந்திருக்கிறார்கள், நாதாங்கி கழன்று கிடந்தது. இரவில் மீண்டும் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் மாலையிலேயே தச்சரை அழைத்துப் புதுப் பூட்டும் புது நாதாங்கியும் போட்டுவிட்டேன். மனைவி வீட்டைக் கழுவி விட்டுவிட்டாள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி செல்வி (இரவு 11.38)

அண்ணா, இப்போதே அந்தத் தச்சருக்குப் போன் செய்யுங்கள். பழைய பூட்டையும் நாதாங்கியையும் அவர் எடுத்துச் சென்றிருந்தால் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் அக்கா வீட்டில் திருடு போனபோது, பார்வையிட வந்தவர் முதலில் கேட்டதே உடைந்த பூட்டைத்தான். புதிய நாதாங்கியைக் கழற்ற வேண்டாம். கதவின் நிலைச்சட்டத்தில் கடப்பாரை பதிந்த பள்ளம் இருக்கும், மரம் வெளிறிப் பிளந்திருக்கும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி நெருக்கமாகப் படம் எடுங்கள். அப்போதுதான் பள்ளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பது படத்தில் தெரியும்.

இன்னொன்று, சி.எஸ்.ஆர். என்பது புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. இழப்பீடு கேட்க முதல் தகவல் அறிக்கை வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். நாளைக் காலையில் போய்க் கேட்டு வாங்குங்கள். திருடு போன ஒவ்வொரு பொருளும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று நின்று படித்துவிட்டு வாருங்கள்.

குடியாத்தம் ஆசிரியர் (ஜனவரி 19, காலை 6.15)

ஏழு சவரனை வீட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போனதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது. வங்கி லாக்கரில் வைத்திருந்தால் வங்கியே முழுப் பொறுப்பு ஏற்றிருக்கும்.

லாங்பஜார் கடைக்காரர் (காலை 7.02)

ஐயா, மன்னிக்க வேண்டும், இது பலர் நம்பும் தவறு. லாக்கரில் என்ன இருக்கிறது என்பதே வங்கிக்குத் தெரியாது, அதற்குக் காப்பீடும் செய்வதில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. ஆண்டுக்கு 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். உள்ளே இருபது லட்சம் மதிப்புள்ள நகை இருந்தாலும் அதே 2 லட்சம்தான். வெள்ளம், நிலநடுக்கம் என்றால் அதுவும் இல்லை.

குடியாத்தம் ஆசிரியர் (காலை 7.30)

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். நூறு மடங்கு கிடைப்பதற்கு முன், லாக்கரை உடைக்க ஒருவன் எத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்? பின்வாசல் நாதாங்கியோடு அதை ஒப்பிட முடியாது.

லாங்பஜார் கடைக்காரர் (காலை 7.41)

லாக்கர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் நகையும் அங்கேதான் இருக்கிறது. லாக்கரில் வைத்துவிட்டோம் என்பதால் நகைக்குக் காப்பீடு தேவையில்லை என்று இங்கே படிக்கும் ஒருவர் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. கடை ரசீதுகளை யாரும் சேர்த்து வைப்பதில்லை என்பதைத் தினமும் பார்க்கிறேன். அம்மா காலத்து நகையாக இருந்தால் எடை போட்டு, மதிப்பீட்டுச் சான்று வாங்கி, அணிந்திருக்கும் திருமணப் படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலப்பாடி வாசகன் (காலை 8.10)

கேமரா பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சத்துவாச்சாரி செல்வி (காலை 8.25)

கேமரா நல்லதுதான் தம்பி, ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். மார்கழி முழுக்கக் கோலம் நிறைந்திருந்த தெருவில், பொங்கலன்று ஒரு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நாங்கள் ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவோம், அவர் காலையில் தண்ணீர் தெளித்து இரண்டு இழை கோலம் இழுத்துவிடுவார், பால் பாக்கெட்டையும் நாளிதழையும் எடுத்து வைப்பார். காவல் நிலையத்தில் முகவரியும் திரும்பும் தேதியும் எழுதிக் கொடுத்தால் ரோந்து வருபவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவதையும், மோட்டார் சுவிட்சை அணைப்பதையும், சுவாமி விளக்கு மலையேறிய பிறகே கதவைப் பூட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீ என்றால் உங்கள் பாலிசி பணம் தரும், ஆனால் வீடு திரும்பாது.

பழைய சர்வேயர் (காலை 9.00)

இழை எங்கோ போய்விட்டது. கேள்வி கேட்டவருக்கு மீண்டும் சொல்கிறேன். வங்கிப் பாலிசியைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று வீட்டில் உள்ள காகிதங்களையெல்லாம் பாருங்கள். முகவர்கள் ஒரு தொகுப்புப் பாலிசியை விற்றுவிட்டு விளக்கம் சொல்லாமல் போய்விடுவது உண்டு. ஷெட்யூல் என்ற பக்கத்தில் பிரிவுவாரியாகத் தொகை இருக்கும். திருட்டுப் பிரிவுக்கு எதிரே எண் இருந்தால் உண்டு, கோடு இருந்தால் இல்லை. நகைக்குத் தனிப் பத்தி இருக்கும், வெள்ளிப் பொருள்களும் பெரும்பாலும் அதில்தான் சேரும். லேப்டாப்புக்குத் தேய்மானம் கழிக்கப்படலாம். வீடு தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் சிக்கல் செய்யும் நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு, உங்களுக்கு அது பொருந்தாது. இருப்பது தெரிந்தால் இன்றே மின்னஞ்சலில் தெரிவியுங்கள், தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

பாலாற்றங்கரை (காலை 9.20)

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு முன் ஒரு வழி இருக்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட்டு, அவர் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாமல் போனாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். எனக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கிடைக்காதது பாலிசியிலேயே இல்லாததால்தான், அதை அவராலும் மாற்ற முடியவில்லை. ஆகவே முதலில் ஷெட்யூல்.

காந்திநகர்வாசி (ஜனவரி 20, இரவு 8.15)

எல்லோருக்கும் நன்றி, சுருக்கமாக எழுதுகிறேன். பீரோவின் அடித்தட்டில் இன்னொரு பாலிசி இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தெரிந்த ஒருவர் மூலம் எடுத்து, ஆண்டுதோறும் பணம் மட்டும் கட்டி வந்திருக்கிறேன். வங்கிப் பாலிசியும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். திருட்டுப் பிரிவுக்கு எதிரே 2 லட்சம் என்று இருக்கிறது, நகைப் பத்தியில் கோடு போட்டிருக்கிறது. உதவி எண்ணில் நான் வங்கிப் பாலிசியின் எண்ணைத்தான் சொல்லியிருக்கிறேன். முதல் தகவல் அறிக்கை கிடைத்தது. தச்சர் பழைய பூட்டை எறியவில்லை. அவருடைய சாக்குப் பையிலேயே இருந்தது, அதன் நாக்கு வில்லாக வளைந்திருக்கிறது. சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார். குத்துவிளக்குகளை வெள்ளி என்று எழுதுவதா, பூஜைப் பொருள் என்று எழுதுவதா என்று மனைவி கேட்கிறாள்.

பழைய சர்வேயர் (இரவு 8.40)

வெள்ளி என்றே எழுதுங்கள். உள்ளதை மாற்றி எழுதினால் லேப்டாப்புக்கு வருவதும் வராமல் போகும்.