மறு: ‘இம்ப்ளிமென்டேஷன் சயன்ஸ்’ – ‘வழக்காக்கம்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம். ‘இம்ப்ளிமென்டேஷன் சயன்ஸ்’ துறைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில் நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘செயலாக்க அறிவியல்’ என்பதே போதுமே. புதுச்சொல் எதற்கு?

கணினித் துறையில் ‘செயலாக்கம்’ என்றால் தரவைக் கையாளுவது. அரசாணையில் அதுவே திட்டத்தை நிறைவேற்றுவது. இரண்டும் என்றோ ஒருநாள் முடிந்துவிடும் வேலைகள். நாம் பெயர் தேடும் துறையின் கேள்வி வேறு: ஆய்வில் உறுதியான ஒன்று, சிகிச்சை அறையின் அன்றாட வழக்கமாக ஏன் மாறவில்லை, எப்படி மாறும்?

என் இயன்முறை மருத்துவத் துறையிலிருந்தே சொல்கிறேன். ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களில் திடீர்க் கீழ்முதுகு வலி வந்த 186 பேரிடம் நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாம் பிரிவினர் வலி இடம்கொடுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தார்கள். விரைவாகத் தேறியவர்கள் இந்த மூன்றாம் பிரிவினர்தாம். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் ‘முழு ஓய்வு’ என்று எழுதிய சீட்டோடு நோயாளிகள் வருகிறார்கள். வந்ததும் “கரண்ட் வைப்பீர்களா?” என்று கேட்கிறார்கள். கீழ்முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் (பின்னவை இரண்டும் மின்தூண்டல் சிகிச்சைகள்) எதையும் அளிக்க வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. சிகிச்சையாளர் அதைப் படித்திருந்தாலும், வலியோடு வந்தவரின் எதிர்பார்ப்பு, அனுப்பிய மருத்துவரின் குறிப்பு, வாங்கிப் போட்ட இயந்திரம், வாசலில் காத்திருக்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்து அவரைப் பழைய வழிக்கே இழுக்கின்றன. இந்த இழுப்பை ஆராய்வதே இத்துறையின் உயிர்நாடி. அது ‘செயலாக்கம்’ என்ற சொல்லில் தெரியவில்லை; ‘வழக்கம்’ என்பதில் தெரிகிறது.

> கனடாக்காரர்கள் இதையே ‘நாலெட்ஜ் டிரான்ஸ்லேஷன்’ என்கிறார்களே, ‘அறிவுப் பெயர்ப்பு’ எனலாமா?

வேண்டாம் ஐயா. மருத்துவ நூல்களைத் தமிழாக்குவது என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

> ‘கைக்கொள்ளல்’ – ‘கைவிடல்’ என இணையாக வைத்தால்?

இந்த இணை எனக்கு மிகவும் பிடித்தது. புதியதை ஏற்பது பாதி வேலைதான். பயனற்றதை நிறுத்துவது மறுபாதி, அதுவே கடினமான பாதி. இரண்டுக்கும் ஒரே வேரில் சொல் வேண்டும் என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். ஆனால், “டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்” என்று நம் ஊரில் எப்போது சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தார் இருக்கும் அறையில் ‘கைவிடல்’ என்று நான் எப்படி உச்சரிப்பேன்?

ஆகவே ‘வழக்காக்கம்’, ‘வழக்கொழிப்பு’ என்ற இணையை முன்வைக்கிறேன். ‘வழக்கொழிந்த சொல்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த தொடர். பொருளை விளக்க வேண்டியதில்லை. படுக்கை ஓய்வின் வழக்கொழிப்பு, நடமாட்டத்தின் வழக்காக்கம் என்று வாக்கியத்தில் தடையின்றி வந்து அமர்கிறது. வழக்காக்கத் தடைகள், வழக்காக்க உத்திகள் என நீட்டவும் முடிகிறது.

முதலில் ‘சான்று வழக்காக்கம்’ என்று முழுத்தொடராக எழுதிப் பார்த்தேன். ‘சான்று’, ‘வழக்கு’ இரண்டும் அடுத்தடுத்து நின்றால் நேரே நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறோம். ‘ஆய்வு வழக்காக்கம்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அமைச்சர் மருத்துவமனையில் ‘ஆய்வு’ செய்வது வேறு பொருள் என்பது இடத்தாலேயே விளங்கும். ‘எவிடன்ஸ் பேஸ்டு மெடிசின்’ என்பதற்குச் ‘சான்றுசார் மருத்துவம்’ ஓரளவு நிலைபெற்ற தொடர், அதைத் தொட வேண்டாம்.

துறைப்பெயர் ‘வழக்காக்கவியல்’ ஆகட்டும் என்பது என் விருப்பம். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சைத் துறைகளில் இருக்கும் நண்பர்கள் தங்கள் வகுப்புக் குறிப்புகளில் இதை எழுதிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். குறிப்பாக, ‘வழக்கொழிப்பு’ என்ற சொல் நோயாளிகளின் காதில் கடுமையாக விழுகிறதா என்பதை அறிய வேண்டும். அப்படியானால் ‘வழக்குநீக்கம்’ என்று மாற்ற எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
குழு உறுப்பினர், இயன்முறை மருத்துவம்