புதுப்பிப்பு: டிராக்டரை ஆமை வேகத்தில் ஓட்டும் முயற்சி
தக்காளி நாற்று நடும் கருவியை இழுக்க, என் டிராக்டர் முதல் லோ கியரிலும் மிக வேகமாக ஓடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். 10 மீட்டரை 16 வினாடியில் கடந்தால், 45 செ.மீ. இடைவெளியில் நாற்றைக் கையால் வைப்பவருக்கு ஒரு வினாடிகூடக் கிடைக்காது. இப்போது 4:1 விகிதக் கிரீப்பர் கியரை, அதாவது வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் கூடுதல் பற்சக்கரத் தொகுதியைப் பொருத்தியதில், அதே தூரத்துக்கு 64 வினாடி ஆகிறது.

ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்ஜின் வேகம் குறைந்தால் ஹைட்ராலிக் பம்பும் பி.டி.ஓ.வும் (இணைத்த கருவிக்கு இன்ஜின் விசையைத் தரும் சுழல் தண்டு) சேர்ந்தே தளர்ந்துவிடும் என்பதால், பி.டி.ஓ. தண்டின் நிமிடத்துக்கு 540 சுற்று மாறாதபடி, சக்கரங்களுக்கு விசை செல்லும் வழியில் மட்டும் கிரீப்பர் கியரை வைத்தோம்.

ஒன்றை வலியுறுத்துகிறேன்: வேகம் நான்கில் ஒன்றாகும்போது பின் அச்சுக்குச் செல்லும் முறுக்குவிசை நான்கு மடங்கு வரை உயரக்கூடும், ஆகவே இந்தக் கியரில் கலப்பையையோ பாரம் ஏற்றிய டிரெய்லரையோ இழுக்கவே கூடாது, பற்சக்கரங்கள் உடைந்துவிடும். நேற்று நட்ட முதல் பாரில் ஒரு நாற்றும் சாயவில்லை.