மகளுக்கு மூக்கின் பின்துளை ஒரு பக்கம் அடைப்பு: ஆபரேஷன் இப்போதா, காத்திருக்கலாமா?

கேள்வி

என் மகளுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே வலது மூக்கில் மட்டும் கெட்டியான சளி வந்துகொண்டே இருக்கும், இடது பக்கம் சுத்தமாக இருக்கும். அலர்ஜி என்று சொட்டு மருந்தும் சிரப்பும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம், மூக்குக்குள் எதையாவது போட்டுக்கொண்டாளோ என்றுகூடப் பார்த்தார்கள். போன வாரம் ஒரு ஈ.என்.டி. டாக்டர் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். இடதில் தொண்டை வரை போனது, வலதில் பாதியிலேயே நின்றுவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, மூக்கு தொண்டைக்குள் திறக்கும் பின்துளை எலும்பால் மூடியிருக்கிறது, இதற்கு கோஆனல் அட்ரீசியா என்று பெயர் என்கிறார். எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை மூக்கு வழியே விட்டுத் திறக்கலாம், ஆனால் அவசரமில்லையாம். அவசரமில்லை என்றால் எத்தனை நாள்? திறந்த துளை மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தால் பிள்ளை தாங்குவாளா? திறந்தாலும் திரும்ப மூடிக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில் 1

சகோதரி, எங்கள் மகனுக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. பிறந்த சில நிமிடங்களிலேயே உடம்பு நீலமாகிவிட்டது, வீறிட்டு அழுதால் நிறம் திரும்பும், அழுகை ஓய்ந்ததும் மறுபடி நீலம். பச்சைக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அழும்போதுதான் வாய்வழியாகக் காற்று போகிறது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, பாலை வயிற்றுக்குக் குழாயில் கொடுத்து, எட்டாம் நாள் ஆபரேஷன். ஸ்டென்ட் இருந்த வாரங்கள்தான் கடினம், அது அடைத்துவிடாமல் இரவும் பகலும் சலைன் என்ற உப்புநீர் விட்டுச் சளியை உறிஞ்சிக்கொண்டே இருந்தோம். நான்கு மாதத்தில் ஒரு பக்கம் சுருங்கியது, மறுபடி உள்ளே போய் விரித்தார்கள். இப்போது ஏழு வயது, வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறான். இரண்டாவது முறை போக வேண்டி வந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், டாக்டர்கள் அதையும் எதிர்பார்த்துத்தான் தொடங்குகிறார்கள்.

பதில் 2

நான் ஈ.என்.டி. மருத்துவர். உங்கள் மகளின் கதை இந்தக் குறையின் வழக்கமான கதைதான். 5,000 முதல் 8,000 பிறப்புகளில் ஒன்றில் வரும், பெண் குழந்தைகளில் அதிகம், இரு பக்கத்தைவிட ஒரு பக்கம்தான் அதிகம், அதிலும் வலது. மற்ற மூக்கு நன்றாக இருப்பதால் மூச்சுக்கு ஆபத்தில்லை, அதனால்தான் அவசரமில்லை என்கிறார். பிள்ளை கொஞ்சம் வளர்ந்தால் மூக்குக்குள் கருவிக்கு இடம் கிடைக்கும், திரும்பச் சுருங்கும் வாய்ப்பும் குறையும். உங்கள் மகளுக்கு அந்த வயது ஏறக்குறைய வந்துவிட்டது, அதனால் வருடக்கணக்கில் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

முன்பெல்லாம் அண்ணத்தைத் திறந்து போவார்கள், அதில் அண்ணத்தின் வளர்ச்சியும் பல்வரிசையும் பாதிக்கப்படுவதுண்டு. எண்டோஸ்கோப்பில் வெளியே தழும்பே இருக்காது. மூடியிருக்கும் எலும்பை டிரில் வைத்து எடுப்பதோடு, இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பெலும்பின் பின்பகுதியையும் கொஞ்சம் எடுத்துவிடுவோம், அப்போது பின்னால் ஒரே அகலமான வாசல் ஆகிவிடும். எலும்பு வெறுமையாக இருந்தால்தான் அங்கே சதை வளர்ந்து மூடும், ஆகவே அங்கிருக்கும் சவ்வையே மடித்துப் போர்த்துகிறோம். இதை நன்றாகச் செய்தால் பலருக்கு ஸ்டென்ட் தேவைப்படாது. ஸ்டென்டே உறுத்திப் புண்ணாக்கி, அதனாலேயே சுருங்குவதும் உண்டு, இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, உங்கள் டாக்டர் என்ன செய்வார் என்று நேராகவே கேளுங்கள். இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன்பே கண், காது, இதயம் பார்த்தாகிவிட்டதா? சில குழந்தைகளுக்கு இந்த அடைப்பு சார்ஜ் சிண்ட்ரோம் என்ற, கண், காது, இதயம் எனப் பல இடங்களில் பிறவிக் குறைகள் சேர்ந்து வரும் நிலையின் ஒரு பகுதியாக வரும். இரு பக்க அடைப்பில்தான் அது அதிகம், ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

பதில் 3

எனக்குப் பத்தொன்பது வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் ஒரு மூக்குதான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். ஆபரேஷன் முடிந்து மூக்கில் இருந்த பஞ்சை எடுத்ததும் அந்தப் பக்கம் சில்லென்று காற்று நுழைந்ததே, அதை மறக்கவே முடியாது. வலியைவிட, பொருக்கு கட்டாமல் தினமும் சலைனால் கழுவுவதுதான் பெரிய வேலை. பிள்ளையை இப்போதே மூக்குக் கழுவப் பழக்கிவிடுங்கள், அப்புறம் போராட வேண்டியிருக்காது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. காது, இதயம் பற்றி எங்களிடம் யாரும் சொல்லவில்லை, இன்று காலையே போன் செய்து கேட்டேன், ஆபரேஷன் தேதி வைப்பதற்கு முன் இரண்டையும் பார்த்துவிடலாம் என்றார்கள். ஸ்டென்ட் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். சலைன் இன்று இரவே தொடங்குகிறோம்.